அளந்தவர்களும் கேட்டவர்களும்

1901-02-இல் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் விரிவுரையாளர் ஊட்டிக்கு வந்து சில மாதங்கள் தங்கினார். மருத்துவம் படித்தவர், சோதனை உளவியல் என்ற புதிய துறையைக் கற்பித்துவந்தவர். அதற்கு முன் 1898-இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டோரஸ் நீரிணைத் தீவுகளில் இதே வேலையைச் செய்திருந்தார். இங்கே அவர் தேடிப் போனது நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் மந்துகளை, அதாவது குடியிருப்புகளை. பார்வை எவ்வளவு தூரம் எட்டுகிறது, எந்த நிறத்தை எந்த நிறத்தோடு சேர்க்கிறார்கள், எவ்வளவு அழுத்தினால் வலிக்கிறது என்று ஒவ்வொருவராக உட்கார வைத்து அளந்தார்.

அவர் கொண்டுவந்த சோதனைகளில் ஒன்று இன்றைக்கும் பி.எட். மாணவர்களுக்குத் தெரியும். இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புத்தலை உள்நோக்கி மடங்கியிருக்கும், மற்றதில் வெளிநோக்கி விரிந்திருக்கும். நீளம் ஒன்றேதான், ஆனால் கண் ஏமாறும். மூல்லர்-லயர் மாயம் என்று பாடநூலில் வரும். அந்த மாயத்தில் தோடர்கள் இங்கிலாந்துக்காரர்களைவிடக் குறைவாகவே ஏமாந்தார்கள். 1905-இல் பிரிட்டிஷ் உளவியல் இதழில் ரிவர்ஸ் இதையெல்லாம் எழுதினார். அடுத்த ஆண்டு தோடர்களைப் பற்றிய அவருடைய பெரிய புத்தகம் வந்தது. காட்டில் வாழ்பவர்களின் ஐம்புலன்கள் அபாரமானவை, அதனால்தான் அவர்களுடைய சிந்தனை வளரவில்லை என்று அன்று ஐரோப்பாவில் ஒரு நம்பிக்கை இருந்தது. ரிவர்ஸின் அளவீடுகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அந்த நேர்மைக்காக அவர்மீது எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் அவர் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசினார், அளந்தார், இறங்கிப் போனார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, முதல் உலகப் போரில் மனம் உடைந்துவந்த சிப்பாய்களுக்கு எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை செய்தவரும் இதே ரிவர்ஸ்தான். கவிஞர் சீக்ஃப்ரைட் சசூன் 1917-இல் அவரிடம் நோயாளியாக இருந்தார். அங்கே அவர் கையில் கருவி இல்லை. பயந்ததை மறக்கச் சொல்லாமல், அதை வாய்விட்டுப் பேச வைத்து, உட்கார்ந்து கேட்டார். இன்று ஆலோசனை என்று நாம் படிக்கும் வேலைக்கு அது மிக நெருக்கமானது. அளந்தது எங்கள் மலையில். கேட்டது வேறெங்கோ.

நீலகிரி அரசுப் பள்ளிகளில் ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளி ஆலோசனையும் கல்வி உளவியலும் இந்த மலைக்கு எப்படி வந்தன என்று நெடுநாளாகத் தேடிப் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க ஒன்றுதான் உறுதிப்படுகிறது. மனத்தைப் பற்றிய படிப்பு ஒவ்வொரு முறையும் கீழே தயாராகி, மலையேறி வந்து, கொஞ்ச நாள் தங்கி, இறங்கிப் போயிருக்கிறது. இங்கேயே வேர்விட்ட படிப்பாக அது ஒருநாளும் ஆகவில்லை. ஆக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிரிந்து வந்த பிள்ளைகளின் மலை

வெள்ளைக்காரர்கள் நீலகிரியில் கட்டிய பெரிய பள்ளிகள் பெரும்பாலும் பெற்றோரைப் பிரிந்து வந்த பிள்ளைகளுக்கானவை. 1858-இல் ஊட்டியில் தொடங்கிய லாரன்ஸ் அசைலம் ஆங்கிலேயச் சிப்பாய்களின் அநாதைக் குழந்தைகளுக்காக ஏற்பட்டது. பிறகு அதுவே லவ்டேலில் லாரன்ஸ் பள்ளியாக வளர்ந்தது. 1874-இல் நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸின் நினைவாக ஊட்டியில் பிரீக்ஸ் பள்ளி. 1899-இல் குன்னூரில் தொடங்கிய ஹெப்ரான், மிஷனரிகளின் பிள்ளைகளுக்கானது. இவற்றுக்கு வெளியே, 1840-களின் இறுதியிலேயே பாசல் மிஷன்காரர்கள் கேத்தியில் இறங்கி, படகர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தக் காலத்து உறைவிடப் பள்ளியில் ஒரு பிள்ளை வீட்டை நினைத்து அழுதால் யாரிடம் போகும்? மேட்ரன் இருந்தார், பாதிரியார் இருந்தார், மூத்த மாணவர் தலைவர் இருந்தார். அவர்களில் நல்லவர்கள் பலர் இருந்திருப்பார்கள். ஆனால் பிரிவு ஒரு பிள்ளையின் மனத்தில் என்ன செய்கிறது என்று படித்துவிட்டு வந்தவர் எவரும் அங்கே இல்லை. அப்படி ஒரு படிப்பே அன்று உலகத்தில் கிடையாது.

அது பிறந்துகொண்டிருந்தது வேறு ஊர்களில். 1896-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர், படிப்பு வராத பிள்ளைகளுக்காக ஓர் உளவியல் மனை திறந்தார். 1905-இல் பாரிஸில் ஆல்பிரெட் பினே, பிள்ளைகளின் அறிவை அளக்க ஒரு வினாத்தொகுப்பு உருவாக்கினார். 1908-இல் பாஸ்டனில் பிராங்க் பார்சன்ஸ், ஏழை இளைஞர்கள் தொழில் தேர்ந்தெடுக்க உதவும் பணியகம் ஒன்றைத் தொடங்கினார். பள்ளி ஆலோசனையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். 1913-இல் லண்டன் மாநகர சபை சிரில் பர்ட்டைத் தன் பள்ளிகளுக்கான உளவியலாளராக நியமித்தது.

சைதாப்பேட்டை வழியாக

நம்மூருக்கு இந்தப் படிப்பு ஆசிரியர் பயிற்சியின் ஒரு பாடமாக வந்தது. 1856-இல் தொடங்கிய சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியும், பிறகு வந்த எல்.டி. என்ற ஆசிரியர் பட்டமும்தான் அதற்கு வாசல். உளவியலைத் தனிப் பாடமாக 1916-இல் கல்கத்தாவும் 1924-இல் மைசூரும் ஏற்றுக்கொண்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இல் ஜி.டி. போவாஸ் தலைமையில் துறை அமைந்தது.

சோதனைப் பெட்டிகள் துறைகளுக்கு முன்பே வந்துவிட்டன. தென்னிந்தியாவில் பணியாற்றிய டி.எஸ். ஹெரிக் என்ற அமெரிக்க மிஷனரி 1921-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிராமணப் பிள்ளைகள், பஞ்சமர் பிள்ளைகள், அமெரிக்கப் பிள்ளைகள் என்று மூன்று கூட்டத்தாரை ஒரு மரப்பலகைச் சோதனையால் ஒப்பிட்ட கட்டுரை அது. இந்தச் சோதனைக்கு நம் மண்ணில் கிடைத்த ஆரம்ப வேலைகளில் ஒன்று சாதிகளை ஒப்பிடுவதாக இருந்தது. இந்தத் துறையில் வேலை செய்கிற யாரும் மறக்கக் கூடாத செய்தி இது. 1934-இல் வி.வி. காமத், பினேயின் சோதனையைக் கன்னடத்துக்கும் மராத்திக்கும் ஏற்றபடி மாற்றினார். பினே-காமத் சோதனை இன்றும் நம் மருத்துவமனைகளில் புழங்குகிறது.

அந்த மரப்பலகையின் இன்னொரு வடிவத்தை நான் படித்த கல்லூரியின் உளவியல் அறையில் பார்த்தேன். பலகையில் பத்துக் குழிகள்: வட்டம், சதுரம், முக்கோணம், நட்சத்திரம், சிலுவை, அரைவட்டம் என்று. பத்துக் கட்டைகளைக் குவித்து வைத்துவிட்டு, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகப் பொருத்தச் சொல்ல வேண்டும். ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை செய்ய வைத்து, மிகக் குறைந்த நேரத்தை எழுத வேண்டும். பிற்பாடு அதை எஸ்டேட் பிள்ளைகளிடம் வைத்துப் பார்த்தபோது, முதல் கட்டையைத் தொடும் முன் ஒவ்வொரு பிள்ளையும் என் முகத்தைப் பார்த்தது. தொடலாமா, திட்டுவார்களா என்று கேட்கிற பார்வை. அந்தப் பார்வைக்குப் போன நொடிகளும் நேரக் கணக்கில் சேரும். ஆனால் அதைக் குறித்துக்கொள்ள விடைத்தாளில் கட்டம் கிடையாது.

கீழே கோயம்புத்தூரில் ஒருவர் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். பெரியசாமித் தூரன். அவினாசிலிங்கம் 1930-இல் தொடங்கிய ஸ்ரீ ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். பிறகு தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளுக்கும் முதன்மை ஆசிரியராக விளங்கியவர். குழந்தை உள்ளம், தாழ்வு மனப்பான்மை, அடிமனம், குமரப் பருவம் என்று மனத்தைப் பற்றி எளிய தமிழில் புத்தகங்கள் எழுதினார். ஆங்கிலப் பாடநூலைத் தொடத் தயங்கிய ஒரு தலைமுறை ஆசிரியர்களுக்குப் பிள்ளையின் பயத்தைப் பற்றித் தமிழிலேயே படிக்கக் கிடைத்தது. நானும் அந்தப் புத்தகங்களிலிருந்துதான் தொடங்கினேன். கல்வி உளவியலைத் தமிழில் வளர்த்தவர்களின் வரிசையில் தூரனுக்குரிய இடத்தை நாம் இன்னும் முழுமையாகக் கொடுக்கவில்லை.

அறிக்கைகளில் வந்த ஆலோசகர்

சுதந்திரத்துக்குப் பின் இந்த வேலையை அரசாங்கம் கையில் எடுத்தது. அதில் ஒரு தமிழரின் பங்கு பெரிது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டுகள் இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் இடைநிலைக் கல்விக் குழு 1952-இல் அமைந்து, 1953-இல் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளில் வழிகாட்டல் அலுவலர்களும், தொழில் வழிகாட்டும் ஆசிரியர்களும் வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது. 1954-இல் டெல்லியில் இதற்கென்று ஒரு மத்தியப் பணியகம் வந்தது. 1961-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவான என்.சி.இ.ஆர்.டி. உருவானபோது பணியகம் அதற்குள் சேர்ந்தது.

அதே சமயத்தில் அமெரிக்காவில் நடந்ததைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1957-இல் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியது. பதறிப்போன அமெரிக்கா அடுத்த ஆண்டே தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. அறிவியலில் கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க ஆலோசகர்கள் வேண்டும் என்று பல்கலைக்கழகங்களில் ஆலோசகர் பயிற்சிக்குப் பணத்தைக் கொட்டியது. நோக்கம் எதுவாக இருந்தாலும், பட்டமேற்படிப்பு, கண்காணிப்பில் பயிற்சி, பிறகு பள்ளியில் வேலை என்ற வரிசை அங்கே உறுதிப்பட்டது. இங்கே 1964-66 கோத்தாரி குழு, வழிகாட்டல் தொடக்கப் பள்ளியிலேயே ஆரம்பிக்க வேண்டும், உயர்நிலைப் பள்ளிகளில் பத்துக்கு ஒரு ஆலோசகராவது சுற்றி வர வேண்டும் என்று பரிந்துரைத்தது. நியாயமான, செய்யக்கூடிய அளவு. படித்தவருக்கு வேலை உண்டு என்ற உறுதியைத்தான் நம்மால் கொடுக்க முடியவில்லை. வேலை இல்லாத படிப்பு வளராது.

மலைப் பள்ளிகளில் அந்தப் பரிந்துரை ஒரு அறிவிப்புப் பலகையாக வந்து நின்றது. ராணுவத்துக்கு ஆள் எடுப்பு, தட்டச்சுப் பயிற்சி, செவிலியர் பயிற்சி என்று செய்தித்தாளில் வெட்டிய துண்டுகளை ஒரு ஆசிரியர் ஒட்டி வைப்பார். அதைப் பார்த்து வேலைக்குப் போனவர்கள் உண்டு. ஆனால் எட்டாம் வகுப்பிலேயே நின்றுபோன பிள்ளை அந்தப் பலகை வரைக்கும் வரவே இல்லை.

ஒப்பாரிக் கோச்சியில் வந்தவர்கள்

அப்படி நின்றுபோன பிள்ளைகளில் நிறையப் பேர் இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஊரே நின்று அழ, தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், அங்கிருந்து எழுதிக் கொடுத்த ஊர். சிறுமியாக இருந்த என்னையும் அழைத்துக்கொண்டு என் பெற்றோர் அப்படித்தான் வந்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968-இல் தமிழக வனத்துறை தேயிலை நடத் தொடங்கியிருந்தது. அதுதான் பின்னாளில் டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கங்களில் எங்களுக்கு லைன் வீடுகள் எழும்பின.

வகுப்பறையில் நாங்கள் பேசாத பிள்ளைகளாக இருந்தோம். வாய் திறந்தால் பேச்சில் இலங்கை வாடை வரும். "சிலோன்காரி" என்று சிரிப்பார்கள். ஒரு பெரிய பிரிவைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் என்று எங்களை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மந்தமான பிள்ளைகள் என்று நினைத்தார்கள்.

எங்களைக் கேட்டவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி, ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டியிருந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருபத்தைந்துக்கு மேல் இருந்தால் படிப்புக்கும் ஏற்பாடு செய்யச் சொல்ல அதில் இடம் இருந்தது. காப்பகத்தை எங்கள் அம்மாக்கள் இலங்கையில் சொன்னபடியே பிள்ளை மடுவம் என்றார்கள். அங்கே பார்த்துக்கொண்ட ஆயா கொழுந்து பறிக்க முடியாத வயதுக்கு வந்தவர். எந்தப் பிள்ளை ராத்திரி சாப்பிடவில்லை, எந்த வீட்டில் அப்பா குடித்துவிட்டு வந்தார், யாருக்கு அம்மை வரப்போகிறது என்று எல்லாமே அவருக்குத் தெரியும். எங்கள் ஆயா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "சொல்லு சாமி, யாரு என்ன செஞ்சா?" என்பார். பதில் வரும்வரை தலையைக் கோதிக்கொண்டே இருப்பார். கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், அறிவுரையைக் குறைத்து ஆளை ஏற்றுக்கொண்டு பொறுமையாகக் கேட்பதே ஆலோசனை என்று 1942-இல் புத்தகம் எழுதினார். அதை நான் பின்னால் படித்தபோது ஆயாவின் முகம்தான் மனதில் வந்தது. ஆனால் ஒரு பிள்ளை தொடர்ந்து பேசாமல் போனால், தன்னையே காயப்படுத்திக்கொண்டால், ஆயாவிடம் அதற்கு வழி இல்லை. அங்கேதான் படிப்பு வேண்டும்.

தபாலில் வந்த படிப்பு

படிப்பைத் தேடி நாங்கள் கீழே போனோம். பி.எட். கோயம்புத்தூரில். உளவியல் ரெக்கார்டு நோட்டில் கவனத்தின் வீச்சு, நினைவுத்திறன், கண்ணாடி வரைதல். இரட்டைக் கோட்டால் ஆன நட்சத்திரத்தைக் கண்ணாடியில் மட்டும் பார்த்து, நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். கை எதிர்ப்பக்கம் இழுக்கும். திரும்பத் திரும்பச் செய்தால் பழகும். கற்றல் என்றால் என்ன என்று கையே கற்றுக்கொள்ளும் அருமையான சோதனை அது. ஆனால் அழுகிற பிள்ளையோடு எப்படி உட்காருவது என்று ஒரு மணி நேரம்கூட யாரும் பழக்கவில்லை.

எம்.எட். ஆய்வேடுகளும் அதே தடத்தில் போயின. வளரிளம் பருவத்தினரின் பொருத்தப்பாடு என்று தலைப்பு. ஒரு வினாப்பட்டி, சில நூறு மாணவர்கள், ஆண்-பெண், கிராமம்-நகரம் என்று பிரித்து டி மதிப்பு, 0.05 மட்டத்தில் வேறுபாடு உண்டா இல்லையா. வினாப்பட்டியில் பொழுதுபோக்குச் சங்கம், பிறந்தநாள் விருந்து, வீட்டில் தனி அறை. ஒரே அறையும் ஒரு சமையற்கட்டுமாக இருக்கும் லைன் வீட்டுப் பிள்ளை எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று எழுதும். கூட்டிப் பார்த்தால் பொருத்தப்பாடு குறைந்த பிள்ளை என்று முடிவு வரும்.

ஆலோசனை என்ற பெயரிலேயே ஒரு படிப்பு எங்களை வந்து சேர்ந்தது தபாலில்தான். மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலை 1979-இலும், சென்னை 1981-இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியிருந்தன. மலையில் வேலை பார்த்துக்கொண்டு, குடும்பத்தையும் கவனித்துக்கொண்டு, உளவியலில் முதுகலையோ வழிகாட்டலில் டிப்ளமோவோ படிக்க எங்களுக்கு வேறு வழி இல்லை. பழுப்பு உறையில் பாடங்கள் வரும். விடுமுறையில் தொடர்பு வகுப்புக்குக் கீழே இறங்குவோம். அந்தப் படிப்பு எனக்குக் கண்ணைத் திறந்தது. ஆனால் எனக்குக் கிடைத்தது முழுக்கத் தாளில். நான் ஒரு பிள்ளையிடம் பேசுவதைக் கூட இருந்து பார்த்து, இந்த இடத்தில் நீங்கள் அவசரப்பட்டீர்கள் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை.

இருந்தாலும் பாடத்தில் வந்த ஒன்றை வகுப்பில் செய்து பார்த்தேன். அப்போது கூடலூர்ப் பக்கம் வேலை. ஜேக்கப் மொரீனோ 1930-களில் உருவாக்கிய சமூகவரைபடம். சுற்றுலா போனால் பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார வேண்டும், மூன்று பேர் பெயர் எழுதுங்கள் என்றேன். சீட்டுகளை வாங்கி, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்தேன். நடுவில் அம்புகள் குவிந்தன. ஓரத்தில் இரண்டு வட்டங்கள். பணியர் பாடியிலிருந்து வந்த இரண்டு சிறுமிகள். ஒருத்தியை மற்றவள் எழுதியிருந்தாள். வேறு எந்த அம்பும் அவர்களை நோக்கி வரவில்லை. அவர்களும் மூன்றாவது பெயர் எழுதவில்லை.

அவர்களில் ஒருத்தியிடம் பேசிப் பார்த்தேன். "ஒண்ணுமில்லை டீச்சர்" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அந்தப் பருவம் முழுக்க அப்படியே போனது. ஒருநாள் அவள் சமூகத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண், பயிற்சி பெற்ற நலப் பணியாளர், தடுப்பூசி வேலையாகப் பள்ளிக்கு வந்தார். வராந்தாவில் அந்தச் சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்து பணியர் மொழியில் ஏதோ கேட்டார். சிறுமி பேச ஆரம்பித்தாள். சத்துணவு வரிசையில் தினமும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள், தட்டு பட்டால் கழுவுகிறார்கள், அதனால் மத்தியானம் சாப்பிடாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. வரிசையை மாற்றினோம், உட்காரும் இடங்களை மாற்றினோம், மற்ற பிள்ளைகளோடும் பேசினோம். அந்தச் சிறுமி பள்ளியை விட்டு நிற்கவில்லை.

அந்த இளம்பெண்ணைத் தயார் செய்தது மலைதான். 1980-களின் நடுவில் கூடலூரில் ஆதிவாசி மக்களோடு வேலையைத் தொடங்கிய அக்கார்டு தொண்டு நிறுவனமும், அதிலிருந்து வளர்ந்த அஸ்வினி மருத்துவமனையும் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் சமூகப் பெண்களையே நலப் பணியாளர்களாகவும் செவிலியர்களாகவும் பழக்கின. வித்யோதயா பள்ளி ஆதிவாசி இளைஞர்களை ஆசிரியர்களாக்கியது. அதற்கும் முன்பே, 1970-களில், குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசி, தோட்டத் தொழிலாளர்களிலிருந்தே இணைப்புத் தொழிலாளர்களைத் தேர்ந்தெடுத்து, அக்கம்பக்கத்து வீடுகளில் உடல்நலம் பற்றிப் பேசப் பழக்கியது. உடம்புக்காக இந்த மலை தன் ஆட்களைத் தானே பயிற்றுவித்துக் காட்டிவிட்டது. மனத்துக்காக அதைச் செய்யவில்லை.

இன்று நிற்கும் இடம்

2000-க்குப் பிறகு அரசு சும்மா இருக்கவில்லை. லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய ஸ்நேகா போன்ற தற்கொலைத் தடுப்பு அமைப்புகள் தேர்வு முடிவு நாட்களின் ஆபத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னன. தோற்ற மாணவர்களுக்கு அதே ஆண்டில் மறுதேர்வு வந்தது. எத்தனையோ உயிரை அது காப்பாற்றியிருக்கும். 2013 வாக்கில் பள்ளிகளுக்கு நடமாடும் ஆலோசனை வாகனங்கள் வந்தன. அன்றைய 32 மாவட்டங்களுக்கு 10 வாகனங்கள். பிறகு மாணவர்களுக்கான 14417 உதவி எண், 2020-இல் மத்திய அரசின் மனோதர்பண் மனநலத் திட்டம், 2022-இல் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைகளை எழுதிப் போட மாணவர் மனசு பெட்டி. ஒவ்வொன்றுக்கும் நான் நன்றி சொல்வேன். ஆனால் வேனில் வருபவர் ஒரு மணி நேரம் பேசிவிட்டு அடுத்த மாவட்டத்துக்குப் போக வேண்டும். பெட்டியில் சீட்டுப் போட்ட பிள்ளை மறுநாள் யாரிடம் பேசுவது?

பயிற்சிக்கும் நல்ல முன்மாதிரி அருகிலேயே இருக்கிறது. மைசூரில் உள்ள என்.சி.இ.ஆர்.டி.யின் மண்டலக் கல்வி நிறுவனம் நடத்திவரும் வழிகாட்டல், ஆலோசனை டிப்ளமோ ஆறு மாதம் தொலைவழி, மூன்று மாதம் நேரடி வகுப்பு, மூன்று மாதம் சொந்த ஊரில் களப்பயிற்சி என்று அமைந்தது. இந்த மூன்றாவது பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு கூடலூர் ஆசிரியைக்கு மூன்று மாதம் மைசூரில் தங்குவது மலையைப் புரட்டும் வேலை.

2021-இல் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. உளவியலும் அதன் வரம்புக்குள் சேர்ந்தது. அதைத் தொடர்ந்து 2025-இல் பல்கலைக்கழக மானியக் குழு, உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று அறிவித்தது. அந்தக் கல்வியாண்டின் சேர்க்கையிலிருந்தே இது நடைமுறை. அந்த முடிவின் நியாயத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். பிள்ளையின் துயரத்தைக் கேட்கத் தபாலில் கற்றுக்கொள்ள முடியாது என்பதற்கு என் படிப்பே சாட்சி. ஆனால் எங்களுக்கு இருந்த ஒரே பாதையும் அதோடு அடைபட்டது. கோயம்புத்தூர், சென்னை, திண்டுக்கல் என்று கீழே இருக்கும் கல்லூரிகளில் நேரடியாகப் படிக்க வசதியுள்ளவர்கள் படிப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் பந்தலூரில் வந்து குடியிருப்பார்கள்?

2011 கணக்கெடுப்பில் 7,35,394 பேர் வாழ்ந்த மாவட்டம் இது. தமிழ், படகம், மலையாளம், கன்னடம், பணியர் மொழி, தோடர் மொழி, கோத்தர் மொழி என்று பல பேச்சு. இப்போது வட இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் எங்கள் வகுப்புகளில், நாங்கள் உட்கார்ந்த அதே மாதிரி, பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த மாவட்டத்தின் அரசுக் கல்லூரி ஒன்றில் பள்ளி ஆலோசனைக்கும் கல்வி உளவியலுக்கும் இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்பு ஒன்று வேண்டும். இரண்டாம் ஆண்டு முழுக்க மாணவர்கள் பள்ளிகளிலும் விடுதிகளிலும் இருக்க வேண்டும். அனுபவமுள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் திருத்த வேண்டும். இடங்களில் ஒரு பகுதி ஆதிவாசி மொழி பேசுகிறவர்களுக்கும் லைன் வீட்டுப் பெண்களுக்கும் விடுதி வசதியோடு ஒதுக்கப்பட வேண்டும். படித்து முடித்தவருக்கு நிரந்தரப் பணியிடம் இருக்க வேண்டும். சோதனைகளும் கற்றுக்கொள்ளட்டும், அவை தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் கேட்கக் கற்ற பிறகு அளக்கக் கற்கட்டும்.

செலவைக் காட்டி இதை ஒதுக்க முடியாது. 1966-இல் கோத்தாரி குழு கேட்ட அளவைத்தான் நானும் கேட்கிறேன்: பத்துப் பள்ளிக்கு ஒருவர். அந்த ஒருவர் இந்த மலையில் படித்தவராக, பிள்ளையின் மொழி தெரிந்தவராக, அடுத்த வாரமும் அடுத்த ஆண்டும் இங்கேயே இருப்பவராக இருக்க வேண்டும்.